ஏழாம் கல்லுக்கும் எட்டாம் கல்லுக்கும் நடுவே

ஏழாம் கல்லிலிருந்து எட்டாம் கல்லுக்கு ஐந்நூற்று அறுபது மீட்டர்தான் வந்தது. சத்யபிரியா முதலில் சக்கரத்தைத்தான் சந்தேகப்பட்டாள். தலைகீழாகத் திருப்பி மண் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தாள். எண்ணைச் சுழியத்துக்குக் கொண்டுவந்து, எட்டிலிருந்து ஏழுக்குத் திரும்ப நடந்தாள். ஐந்நூற்று அறுபத்தொன்று.

கேபிள் புதைக்கும் ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் அவள் நான்கு வருடமாக வேலை பார்க்கிறாள். பள்ளம் தோண்டுகிறவர்களுக்கு முன்னால், ஒற்றைச் சக்கரம் வைத்த அளவுகோலை உருட்டிக்கொண்டு சாலையோரமாக நடக்க வேண்டும். ஒவ்வொரு கிலோமீட்டர் கல்லிலும் நின்று தூரத்தைத் தாளில் குறிக்க வேண்டும். திண்டுக்கல்லைச் சுற்றிப் பாதிச் சாலைகளை அப்படி நடந்திருக்கிறாள். சொந்த ஊர்ச் சாலையில் நடப்பது அன்றுதான் முதல் தடவை.

மற்றக் கற்கள் சரியாக இருந்தன. நாலு மீட்டர் கூட, மூன்று மீட்டர் குறைய. இது ஒன்றுதான் பாதியாக இருந்தது.

பின்னால் கடப்பாரையோடு வந்த ஜக்கம்மாள் நின்றாள். பக்கத்து ஊர்க்காரி. ஐம்பது தாண்டியவள்.

"என்னத்தா, ரோட்டத் திருப்பித் திருப்பி அளக்குற. யாராச்சும் தூக்கிட்டுப் போய்ட்டாகளா?"

"தூக்கிட்டுத்தான் போயிருக்காகக்கா. கல்லுக்குக் கல்லு பாதி ரோட்டக் காணாம்."

"இங்கனயா?" ஜக்கம்மாள் கையைச் சுழற்றிக் காட்டினாள். "முன்ன இந்த ரோடு குளத்தச் சுத்தில்ல போகும். பஸ்ஸு திரும்பி வர்றதுக்குள்ள கொடலு வாய்க்கு வந்துரும். அப்பறம் பாலத்தப் போட்டு நெட்டுக்க வெட்டி விட்டாக. பன்னெண்டு பதிமூணு வருசமிருக்கும்."

"கல்லு?"

"கல்லு அது பாட்டுக்கு நின்ன எடத்துல நிக்குது. அதுக்கு என்னா தெரியும், ரோடு ஓடிப்போனது."

அவள் சிரித்தாள். சின்ன வயதில் பேருந்து குளத்தைச் சுற்றிப் போனது அப்போதுதான் நினைவுக்கு வந்த சத்யபிரியாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

அவள் ஊரான அந்தோணியார்குளத்தின் திருவிழாப் பந்தயம் நான்காம் கல்லில் தொடங்கும். கோவில் வாசலிலேயே அந்தக் கல் இருக்கிறது. ஒன்பதாம் கல்லில் டிரம்மைச் சுற்றித் திரும்ப வேண்டும். போக ஐந்து, வர ஐந்து. ஊரில் யாரும் அதை அளந்ததில்லை. கல் இருக்கும்போது எதற்கு அளக்க வேண்டும். அவள் தாளின் ஓரத்தில் கூட்டிப் பார்த்தாள். போக நான்காயிரத்து ஐந்நூற்று அறுபது. இரண்டு பக்கமும் சேர்த்து ஒன்பதாயிரத்து நூற்று இருபது.

சென்ற வருடம் அந்தத் தூரத்தை முப்பத்தொரு நிமிடம் நாற்பத்தெட்டு விநாடியில் ஓடியவன் அவள் தம்பி ஆனந்த்ராஜ்.

கோவில் பக்கச் சுவரில் ஒரு கறுப்புப் பலகை இருக்கிறது. வருடம், பெயர், நேரம். மேலே உள்ளவர்கள் எல்லாம் முப்பத்தாறு, முப்பத்தேழு. நடுவில் ஓரிடத்தில் எண்கள் சட்டென்று இறங்கும். முப்பத்து மூன்று, முப்பத்திரண்டரை. அந்த வருடம்தான் கோவிலுக்குப் புதுத் தேர் செய்தார்கள். தேர் வந்ததிலிருந்து ஊர்ப் பிள்ளைகளின் கால்களுக்கு அருள் கிடைத்துவிட்டது என்பது ஊரின் பேச்சு. அதே வருடம் சாலை நிமிர்ந்ததை யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. கோவில் பங்கைச் சேர்ந்த கிறிஸ்தவர்கள் மட்டும் ஓடும் பந்தயம் அது. எல்லாரும் ஒரே சாலையில் ஓடினார்கள், எல்லாருக்கும் அருள் வந்தது.

ஆனந்த்ராஜுக்கு இருபத்து நான்கு வயது. நூற்பாலையில் ஷிப்டு வேலை. சென்ற வருடம் வென்ற பிறகு அவனை எல்லாரும் 'முப்பத்தொண்ணு' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அந்தப் பெயரோடு அவன் வெளியூர்ப் பந்தயங்களுக்குப் போனான்.

கருத்தமடை மாரியம்மன் கோவில் பந்தயத்தில் முப்பத்தைந்து இருபது. அங்கே பள்ளிக்கூடத்து விளையாட்டு வாத்தியார் மைதானத்து டேப்பைப் பிடித்து மூன்று நாள் அளந்து வைத்த சாலை. காந்திகிராமம் பக்கம் ஒன்றில் முப்பத்தைந்து ஐந்து, ஏழாவது இடம். நெய்க்காரப்பட்டிக்கு அருகே ஓர் ஊரில் கரண்டுக் கம்பங்களை எண்ணித் தூரம் வைத்திருந்தார்கள். அங்கே முப்பத்தைந்து நாற்பது. பந்தயம் நடத்தியவர் வாழைப்பழத்தைக் கையில் கொடுத்து, "ஏனுங்க தம்பி, முப்பத்தொண்ணுல வர்ற ஆளுன்னு சொன்னாங்க. ஒடம்புக்கு ஏதும் செரியில்லீங்களா?" என்று கேட்டார். அக்கறையாகத்தான் கேட்டார். கேலி செய்திருந்தால் அவன் தாங்கியிருப்பான்.

கேலி செய்தவன் கருத்தமடை முகேஷ்குமார். அந்த ஊரின் முதல் ஓட்டக்காரன். எப்போதும் முப்பத்தைந்தை ஒட்டி வருகிறவன்.

"உங்க ஊர்ல கிலோமீட்டருக்கு எத்தன மீட்டருப்பா?"

"வந்து ஓடிப் பாரு," என்றான் ஆனந்த்ராஜ்.

"விடுவீங்களா? ஞானஸ்நானம் வாங்கிட்டு வரச் சொல்லுவீங்க."

அந்தப் பேச்சு ஊருக்கு வந்தது. விழாக் குழு கூடியது. இந்த வருடம் யார் வேண்டுமானாலும் ஓடலாம் என்று நோட்டீஸ் அடித்தார்கள். மேலே ஆனந்த்ராஜின் படம். கீழே '31:48-ஐ முறியடிக்க வாரீர்'.

டவுன் பையன் ஒருவன் முன்பே கைக்கடிகாரத்தைக் காட்டி இந்தச் சாலை ஒன்பது கிலோமீட்டர்தான் என்று சொன்னதுண்டு. செயற்கைக்கோள் புளியமரத்துக்குக் கீழே பார்க்காது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

*

வீட்டுக்கு வரும்போதே சொல்லிவிடுவது என்றுதான் வந்தாள். ஆனந்த்ராஜ் பின்கட்டில் முக்காலியில் உட்கார்ந்து காலைத் தேய்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் அவன் பை திறந்து கிடந்தது. சாக்ஸ்களுக்கு அடியில் சிறிய மருந்துக் குப்பி, இரண்டு ஊசி.

"என்னாடா இது?"

"விட்டமின்."

"விட்டமினுக்கு எதுக்குச் சாக்ஸுக்குள்ள எடம்?"

அவன் பையை இழுத்துக்கொண்டான். "ஜிம்மு வச்சிருக்கான்ல பிராங்க்ளின், அவன் குடுத்தான். ஜிம்முல எல்லாரும் போடுறாங்க. ஒண்ணும் ஆகாது."

"குதிரைக்குப் போடுறதா, மனுசனுக்குப் போடுறதா?"

"ரெண்டுக்கும் போடலாமாம்." சிரிக்க முயன்றான். முகம் ஒத்துழைக்கவில்லை. தோள் பெரிதாகியிருந்தது. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. "யக்கா, நீயே யோசி. இங்கன ஓடுனா முப்பத்தொண்ணு. ஊரத் தாண்டுனா முப்பத்தஞ்சு. நாலு நிமிசம். நாலு நிமிசம்னா என்னான்னு தெரியுமா? ஒரு பஸ்ஸ விட்டுட்டு அடுத்த பஸ்ஸுல வர்ற மாதிரி. எங்கயோ ரத்தத்துல கோளாறு இருக்கு. டெஸ்ட் எடுத்தேன், எல்லாம் சரின்னு எழுதிக் குடுத்துட்டான். சரியா இருந்தா எப்டி நாலு நிமிசம் போகும்?"

"ஒருவேள இங்கன ரோடு..."

"ரோடு என்னா? அதே தார்தான்." அவன் எழுந்து காலை உதறினான். "அந்த முப்பத்தொண்ணு மட்டும் இல்லேன்னா நான் என்னைக்கோ விட்டுருப்பேன். மில்லுல தலைய ஆட்டிக்கிட்டு ரிங் பிரேமுல நூலு முடிஞ்சுக்கிட்டு இருந்திருப்பேன். அது ஒண்ணுதான் இருக்கு."

உள்ளேயிருந்து அம்மா இன்னாசியம்மாள் கூப்பிட்டாள். "அப்பு, செத்த நேரம் ஒக்காந்து சாப்டுட்டுப் போயேன். ஊருக்கே பேரு வாங்கிக் குடுத்த புள்ள காத்தக் குடிச்சுக்கிட்டுத் திரியிது."

சத்யபிரியா வாயை மூடிக்கொண்டாள்.

இன்னொரு காரணமும் இருந்தது. முந்தின நாள்தான் கொடி ஏறியது. கொடி ஏறிவிட்டால் இறங்கும் வரை அந்தோணியார்குளத்தில் வழக்கு கிடையாது, பஞ்சாயத்து கிடையாது, நோட்டீஸில் அச்சடித்ததில் ஓர் எழுத்தை மாற்றுவது கிடையாது. திருவிழாவைப் பற்றி ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் விழாக் குழுத் தலைவர் காதில் போட வேண்டும். மற்றவர் காதில் போட்டால் விழாவைக் கெடுத்தவர் என்று பெயர். அப்படிப் பெயரெடுத்த ஒரு குடும்பம் வத்தலக்குண்டுக்கே போய்விட்டது.

மறுநாள் காலை அவள் ராயப்பராஜ் வீட்டுக்குப் போனாள். தேங்காய் மொத்த வியாபாரி. ஏழு வருடமாக விழாக் குழுத் தலைவர். முறைக்கு அவளுக்குப் பெரியப்பா. உரித்த காய்களைத் தட்டிப் பார்த்துப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"பெரியப்பா, ரேஸ் ரோடு கொறையுது."

"ரோடு கொறையுதா? மழையில சுருங்கிருச்சோ."

"ஏழாங் கல்லுக்கும் எட்டாங் கல்லுக்கும் ஐநூத்தி அறுவதுதான் இருக்கு."

"கல்லு கவர்மெண்டு நட்டது. ஒன் உருளைய யாருத்தா நட்டா?"

அவள் தாளை நீட்டினாள். ஜக்கம்மாள் சொன்னதையும் சொன்னாள். ராயப்பராஜ் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். தாளை நெடுநேரம் பார்த்தார். மடையன் இல்லை. பழைய சாலையில் பேருந்தில் போனவர்தான் அவரும்.

"சாமிக்குத் தெரியுமா?" பங்குச் சாமியாரைப் பற்றித்தான் கேட்டார்.

"இல்ல. மொதல்ல ஒங்ககிட்டத்தான் வாரேன்."

"நல்லது. வேற யாருகிட்டயும் வாயத் தொறக்காத. ஒந்தம்பிகிட்டயும்."

"அவன்கிட்டச் சொல்லித்தான் ஆகணும் பெரியப்பா. வெளிய போனா வேகம் வரலன்னு ஊசி போட்டுக்கிட்டுத் திரியிறான். ஒடம்ப அழிச்சுக்கிறான்."

ராயப்பராஜ் ஒரு காயைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார்.

"நீ தனியாக் கூப்புட்டுச் சொன்னா என்னா நெனப்பான்? அக்காளே நம்மளப் பொய்யின்னு சொல்லிட்டாளேன்னு நெனப்பான். ரேஸ் அன்னைக்கு மைக்குல நானே சொல்லுறேன். ரோட்ட அளந்து பாத்தோம், கொறஞ்சிருந்துச்சு, இந்த வருசம் சரி பண்ணிட்டோம், பழைய நேரமெல்லாம் பழைய ரோட்டு நேரம். அம்புட்டுத்தான். எல்லாருக்கும் பொதுவா விழுந்தா அவனுக்கு மட்டும் வலிக்காது."

அது சரி என்றுதான் அவளுக்குப் பட்டது. தம்பியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அந்த எண்ணைச் சொல்லும் வேலை தன்னிடமிருந்து போனதில் ஓர் ஆசுவாசமும் இருந்தது. பின்னாளில் அவள் திரும்பத் திரும்ப நினைத்தது அந்த ஆசுவாசத்தைத்தான்.

"டிரம் எங்கன இருக்கணும்?" என்று கேட்டார்.

"ஒம்பதாங் கல்லத் தாண்டி நானூத்தி நாப்பது மீட்டரு."

"நீயே குறி போட்டு வச்சுரு. அன்னைக்கு டிரம்முக்கிட்டயும் நீயே நில்லு."

பந்தயத்துக்குப் பத்து நாள் இருந்தது. பத்து நாளும் அவள் அவன் பையைப் பார்த்தாள். குப்பிகள் மாறின. ஒரு தடவை இரண்டு குப்பிகளை எடுத்துச் சாக்கடையில் உடைத்தாள். அவன் சத்தம் போடவில்லை. மறுநாள் வேறு இரண்டு வந்தன.

"ரேஸ் முடியட்டும்கா. நிறுத்திருறேன்," என்றான். "இந்த ஒரு தடவ அந்த கருத்தமடைக்காரனுக்கு முன்னாடி முப்பத்தொண்ணு ஓடிட்டா, எனக்கு ஒண்ணுமில்லன்னு ஆயிரும்."

*

பந்தயம் காலை ஆறரைக்கு என்று நோட்டீஸில் போட்டிருந்தது. சத்யபிரியா ஆறு மணிக்கே டிரம்மோடு வந்துவிட்டாள். குட்டியானை லோடு வண்டிக்காரர் டிரம்மை இறக்கி, அவள் சுண்ணாம்பால் போட்டிருந்த குறியில் நிறுத்தினார். தண்ணீர் மேசை வழக்கம்போல ஒன்பதாம் கல்லில்தான் இருந்தது. அவள் கையில் சிவப்பு ரப்பர் பேண்ட் கட்டு. திரும்புகிற ஒவ்வொருவனுக்கும் ஒன்று. கையில் பேண்ட் இல்லாமல் கோவிலுக்கு வருகிறவன் திரும்பாமல் குறுக்கே வந்தவன்.

கொடியசைக்க வேண்டிய சிறப்பு விருந்தினர் எட்டரைக்குத்தான் வந்தார். ஜூன் வெயில் அதற்குள் தாரை நெகிழ வைத்திருந்தது. காற்று இல்லை. வண்டிக்காரர் டிரம்மின் நிழலில் உட்கார்ந்திருந்தார்.

ஒன்பது மணி வாக்கில் முதல் தலை தெரிந்தது. ஆனந்த்ராஜ். அவனுக்குப் பின்னால் நூறு மீட்டரில் முகேஷ்குமார். அதற்குப் பின்னால் வெறும் சாலை.

ஆனந்த்ராஜ் ஒன்பதாம் கல்லில் வேகம் குறைத்ததை அவள் பார்த்தாள். அங்கேயே திரும்ப முயன்றான். டிரம் இல்லை. தண்ணீர் மேசைக்காரர்கள் கையை முன்னால் காட்டினார்கள். அவன் ஒரு கணம் நின்றே விட்டான். பிறகு ஓடி வந்தான்.

அப்போது அவளுக்குப் புரிந்தது. மைக்கில் யாரும் எதுவும் சொல்லவில்லை.

பக்கத்தில் வந்தபோது அவன் முகம் செங்கல் நிறத்தில் இருந்தது. உதடு வெளுத்திருந்தது. பேண்டுக்குக் கையை நீட்டினான்.

"டிரம்ம யாருக்கா இங்கன வச்சது?"

"ஆனந்து, நில்லு. இதான் சரியான தூரம். பழசு கொறச்சல். மெதுவாப் போ."

அவன் அதைக் கேட்டானா, கேட்டும் நம்பவில்லையா, தெரியவில்லை. பேண்டை அவள் கையிலிருந்து பிடுங்கினான். "முப்பத்தொண்ணுக்குள்ள வரணும்," என்றான். டிரம்மைச் சுற்றினான். திரும்பிப் போகும்போது அவன் வைத்த அடிகளைப் பார்த்து வண்டிக்காரர் எழுந்து நின்றார்.

"என்னா ஓட்டம் ஓடுறான் பாருத்தா. நூறு மீட்டரு ரேஸு மாதிரி."

டிரம்மைத் தள்ளி வைத்ததில் கூடிய தூரம் முழுவதையும் அவன் திரும்பும் வழியில் வேகத்தால் ஈடுகட்டப் பார்த்தான்.

முகேஷ்குமார் வந்தான். பேண்டை வாங்கிக்கொண்டு, "என்னக்கா இவரு, சாகப் போற மாதிரி ஓடுறாரு," என்று சொல்லிவிட்டுப் போனான்.

அவளால் அந்த இடத்தை விட்டு நகர முடியவில்லை. இன்னும் முப்பத்தெட்டுப் பேர் வர வேண்டியிருந்தது. ஒவ்வொருவனும் மூச்சு வாங்கியபடி ஒரே கேள்வியைக் கேட்டான். அவள் பேண்டைக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். பாதியில் மிச்சப் பேண்டுகளை வண்டிக்காரர் கையில் திணித்துவிட்டு, கேபிள் ஆள் ஒருவனின் பைக்கை நிறுத்தி ஏறினாள்.

குளத்துப் பாலத்தைத் தாண்டி, ஏழாம் கல்லுக்கு இப்பால் கூட்டம் நின்றது. ஆனந்த்ராஜ் சாலையோரத்து மண்ணில் கிடந்தான். அவன் தலை முகேஷ்குமாரின் மடியில் இருந்தது. முகேஷ்குமார் தன் பனியனைக் கழற்றி நனைத்து அவன் நெஞ்சில் போட்டிருந்தான். ஆனந்த்ராஜின் தோல் காய்ந்திருந்தது. ஒரு சொட்டு வியர்வை இல்லை. கால்கள் தாமாக ஓடிக்கொண்டிருந்தன.

"எனக்கு முன்னாடி விழுந்தாருக்கா," என்றான் முகேஷ்குமார். "தூக்கிவிட்டேன். ஒரு இருவது அடி ஓடுனாரு. மறுபடி விழுந்துட்டாரு. நூத்தியெட்டுக்குப் போன் போட்டாச்சு."

மற்ற ஓட்டக்காரர்கள் அவர்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள். அந்தோணியார்குளத்துப் பையன் ஒருவன் முப்பத்தெட்டு நிமிடத்தில் முதலாவதாக வந்தான். ஆம்புலன்ஸ் கோவிலைத் தாண்டும்போது மைக்கில் ராயப்பராஜின் குரல் கேட்டது. வெளியூர் வீரர்கள் பலர் முயன்றும் நமது ஆனந்த்ராஜின் முப்பத்தொன்று நாற்பத்தெட்டு இந்த ஆண்டும் முறியடிக்கப்படவில்லை என்று அறிவித்தார்.

*

தசைகள் உள்ளே உடைந்து அந்தக் கழிவு சிறுநீரகத்தை அடைத்துவிட்டது என்று டாக்டர் சொன்னார். நடுத்தர வயதுப் பெண். சுற்றி வளைக்காமல் பேசினாள். வெயில், ஓட்டம் என்று சொல்லிவிட்டு, "வேற என்ன எடுத்துக்கிட்டார்?" என்று கேட்டாள். சத்யபிரியா குப்பிகளை மேசையில் வைத்தாள். டாக்டர் ஒவ்வொன்றாகப் படித்தாள்.

"எத்தன நாளா?"

"ஆறு மாசமாப் போடுறானாம்."

டாக்டர் எழுதிக்கொண்டாள்.

இரண்டாம் நாள் அவனுக்கு நினைவு தெளிந்தது. மூத்திரப் பையில் தேயிலைத் தண்ணீர் நிறத்தில் கொஞ்சம் இருந்தது. அம்மா கீழே கேண்டீனுக்குப் போயிருந்தாள்.

"எம்புட்டு நேரத்துல வந்தேன்?" என்று கேட்டான்.

"நீ வரல. வழியில விழுந்துட்ட."

"டிரம்முக்கிட்ட என்னமோ சொன்னியேக்கா. தூரம் அதுதான்னு."

அவள் சொன்னாள். ஏழாம் கல், எட்டாம் கல், ஐந்நூற்று அறுபது. குளத்தைச் சுற்றிப் போன பழைய சாலை. பத்து நாள் முன்பே தெரியும் என்பதை. ராயப்பராஜிடம் போனதை. மைக்கில் சொல்வார் என்று நம்பியதை. எதையும் மறைக்கவில்லை.

அவன் கூரையைப் பார்த்துக்கொண்டு கேட்டான்.

"பெரியப்பா ஏன் சொல்லல?"

"பழைய ரோட்டுலயே ஓட விட்டா முகேசு முப்பத்தொண்ணுல வந்துருவான். டிரம்மத் தள்ளிட்டுப் பேசாம இருந்தா ஒன் நேரத்த எவனாலயும் தொட முடியாது. அந்தக் கணக்குத்தான்."

"ம்." அவன் அவள் பக்கம் திரும்பினான். "அப்ப என் முப்பத்தொண்ணு நாப்பத்தெட்டு, பத்துக்கு எம்புட்டு வரும்?"

அவள் அதை முன்பே போட்டுப் பார்த்திருந்தாள். "முப்பத்தி நாலு அம்பத்திரண்டு."

அவன் கண்ணை மூடிக்கொண்டான். அழப்போகிறான் என்று நினைத்தாள். அழவில்லை.

"கருத்தமடையில முப்பத்தஞ்சு இருவது. காந்திகிராமத்துல முப்பத்தஞ்சு அஞ்சு," என்றான். "எல்லாம் ஒண்ணுதான."

"ஒண்ணுதான்."

"அப்ப எனக்கு ஒண்ணும் ஆகல. எங்கயும் நான் கொறையல."

"இல்லப்பு."

"ரத்தத்துல ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்ல."

அவன் முகத்தில் ஒரு வருடமாக இல்லாத ஓர் இளைப்பாறல் வந்தது. ஊசி ஏறிய கையை மெல்லத் தூக்கி அவள் மணிக்கட்டைப் பிடித்தான்.

"யக்கா, போர்டுல அத அழிச்சுரச் சொல்லு. முப்பத்தி நாலு அம்பத்திரண்டுன்னு எழுதச் சொல்லு. அது நான் நெசமா ஓடுனது."

"சொல்றேன்."

"நீயே எழுது. அவுக எழுத மாட்டாக."

அன்று மதியம் அவனை இரண்டாவது தடவை டயாலிசிஸ் இயந்திரத்தில் போட்டார்கள். மூன்றாம் நாள் விடிந்தபோது இதயம் நின்றது. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறிவிட்டது என்றார்கள்.

*

கொடி இறங்கும் நாளுக்கு முந்தின நாள் அடக்கம் நடந்தது. கருத்தமடையிலிருந்து ஒரு வேனில் வந்தார்கள். முகேஷ்குமார் குழிக்கு மண் போட்டுவிட்டு யாரிடமும் பேசாமல் போனான். ராயப்பராஜ் அழுதார். நடிப்பு இல்லை. இரண்டு பேர் தாங்கிப் பிடிக்க வேண்டியிருந்தது.

அடுத்த வாரம் சத்யபிரியா ஒரு வெள்ளைப் பெயின்ட் டப்பாவும் சிறிய பிரஷும் வாங்கிக்கொண்டு கோவிலுக்குப் போனாள். காலை நேரம். கொடிமரம் வெறுமையாக நின்றது. அவள் கறுப்புத் துணியால் பலகையைத் துடைக்க ஆரம்பித்தாள்.

யாரோ போய்ச் சொல்லியிருக்க வேண்டும். ராயப்பராஜ் வந்தார். அவருக்குப் பின்னால் நாலைந்து பேர். எல்லாரும் அவளை விட்டுத் தள்ளியே நின்றார்கள்.

"என்னத்தா பண்ற?"

"நீங்க மைக்குல சொல்லுறேன்னத எழுதுறேன்."

அவர் தரையைப் பார்த்தார். "அன்னைக்குச் சொல்லியிருக்கணும். தப்புத்தான். சாமிகிட்டப் பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டேன். ஆனா இப்ப இத மாத்துனா யாருக்கு என்னா வரப்போகுது? அந்தப் புள்ள பேரு கெட்டுப்போகும்."

"அவன்தான் மாத்தச் சொன்னான்."

"காய்ச்சல்ல சொல்லிருப்பான்."

"தெளிஞ்சு சொன்னான் பெரியப்பா."

"அப்ப மத்த புள்ளைக நேரமெல்லாம்? பன்னெண்டு வருசத்துப் பேரு இருக்கு. அவுக அப்பன் ஆத்தாவெல்லாம் ஒத்துக்குவாகளா?"

சத்யபிரியா டப்பாவின் மூடியைத் திருகினாள். அவர் தடுக்கவில்லை. அவருக்குத் தடுக்கும் தைரியம் இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது.

அப்போது கூட்டம் விலகியது. இன்னாசியம்மாள் வந்தாள். மகன் இறந்ததிலிருந்து அவள் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. காலில் செருப்பில்லை. முடியை அள்ளி முடியாமல் வந்திருந்தாள்.

"கொறைக்கப் போறியாமே," என்றாள்.

"அம்மா, அவன் என்கிட்டச் சொன்னான்."

"எனக்குத் தெரியாது. எம்புள்ள முப்பத்தொண்ணு. ஊரெல்லாம் அப்டித்தான் கூப்புட்டுச்சு. இருந்தப்ப நீ அவனுக்குச் சொல்லல. பத்து நாளு பொத்தி வச்ச. இப்பச் செத்தவன்கிட்ட இருந்து பிடுங்க வந்துட்டியாடி."

"பிடுங்கலம்மா. அவன் நெசமா ஓடுனது இதைவிடப் பெருசு. நான் சொல்றதக் கேளு."

"மூணு நிமிசம் கூட எழுதுறது பெருசா? எனக்கு ஓட்டம் தெரியாதுன்னு நெனைக்கிறியா?"

சத்யபிரியா கணக்கைச் சொல்ல ஆரம்பித்தாள். கல், குளம், சாலை. பாதியில் நிறுத்தினாள். அம்மா கேட்கவில்லை. அம்மா பலகைக்கும் அவளுக்கும் நடுவில் வந்து, சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு நின்றாள். அவள் உயரம் குறைவு. மகன் பெயர் சரியாக அவள் தலைக்கு மேலே இருந்தது. அதை மறைக்க இரண்டு கைகளையும் தூக்கி, உள்ளங்கைகளை விரித்துப் பலகையில் பதித்துக்கொண்டாள்.

பிரஷிலிருந்து வெள்ளைப் பெயின்ட் சத்யபிரியாவின் காலில் சொட்டியது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

அம்மா கைகளை இறக்கவில்லை.